கடைசி வரியில் கைகழுவும் பாடங்கள்

இணையச் செயலி எழுதக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து கைகழுவிவிடுகின்றன. மாறி என்றால் என்ன என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறவர்கள், ஒரு படிவத்தில் வரும் பெயரை வாங்கித் தரவுத்தளத்தில் சேர்ப்பதை அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள், கடைசியில் “இனி இதைச் சர்வரில் ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று ஒற்றை வரி எழுதிவிட்டு விடைபெறுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு தடுமாற்றம் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்களும் அதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். தெரிந்தும் சொல்லாமல் போவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க்கில் எழுதிய மிகச் சிறிய செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடத்தில் உள்ளபடி இயக்கினால் அது 127.0.0.1 என்ற முகவரியில், 5000 என்ற போர்ட்டில், அதாவது கோரிக்கைகள் வந்து நுழையும் வாசல் எண்ணில், காத்திருக்கும். அந்த முகவரிக்கு, அதே கணினிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்பது என்று பொருள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் கதவு திறக்க வேண்டுமானால் 0.0.0.0 என்று மாற்ற வேண்டும். செயலியை இணையத்தில் ஓடவைக்க இடம் தரும் பல ஹோஸ்டிங் தளங்களில் போர்ட் எண்ணையும் நாம் முடிவு செய்ய முடியாது, அவர்கள் ஒரு சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே கணினியில் அமைத்துவைக்கும் மதிப்பில்) தரும் எண்ணைத்தான் படித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இரண்டு வாக்கியம்! இதைச் சொல்லாததால், செயலி இயங்கும்போது பதிவாகும் குறிப்பான லாகில் “செயலி ஓடிக்கொண்டிருக்கிறது” என்ற வரியும் உலாவியில், செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்று சொல்லும் 502 என்ற பிழையும் ஒருசேரத் தெரிய, எது உண்மை என்று புரியாமல், தன் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த நிரலைக் கலைத்துக்கொண்டிருக்கிறார் கற்றுக்கொள்ள வந்தவர்.

இதைத் தாண்டினால், ஃபிளாஸ்க்கோடு உடன் வரும் சர்வர் உருவாக்கப் பணிக்கு மட்டுமே உரியது என்ற எச்சரிக்கை கண்ணில் படும். சரி, அதற்குப் பதிலாக ஜியூனிகார்ன் என்ற சர்வர் மென்பொருளைப் பயன்படுத்து என்கிறார்கள். அது விண்டோஸில் இயங்காது என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்கிறார்களா? ஃபிளாஸ்க்கைப் போன்ற இன்னொரு பைத்தான் கருவியான ஜாங்கோ கற்றவர் நிலை இன்னும் மோசம். பாதுகாப்புக்காக, பிழை விவரங்களை விரிவாகக் காட்டும் டீபக் அமைப்பை அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்ததும், அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலில் புதிய டொமைன் இல்லையென்றால் 400 பிழை வரும், அதைச் சரிசெய்தாலோ வண்ணமும் வடிவமும் இழந்த வெற்றுப் பக்கம் வந்து நிற்கும், ஏனென்றால் டீபக் அணைந்த பிறகு சிஎஸ்எஸ் கோப்புகளை ஜாங்கோ தானாக வழங்காது. இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று தெரிந்தே பாடத்தை முடிப்பவரை நான் எப்படி நல்லாசிரியர் என்பேன்?

எனக்கு மிகவும் வலிப்பது, தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் தரவுத்தள விவகாரம். பெரும்பாலான பாடங்கள் அதில்தான் தொடங்குகின்றன, தவறில்லை. ஆனால் பல தளங்களில் செயலியின் வட்டு நிலையானதல்ல. புதிய பதிப்பை ஏற்றினாலோ செயலி மறுபடி தொடங்கினாலோ அதிலிருந்த தரவுத்தளக் கோப்பு அழிந்துபோகும். எப்படியோ செயலியை ஓடவைத்து, நண்பர்களைப் பதிவு செய்யச் சொல்லி மகிழ்ந்தவர், மறுநாள் ஒரு சிறு திருத்தத்தை ஏற்றியதும் அத்தனை கணக்குகளும் காணாமல் போனதைப் பார்க்கிறார். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

உதவி கேட்டாலோ “லாகைப் பார்” என்று ஒரு பதில். லாக் எங்கே இருக்கும், அதில் எந்த வரியிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தேடிப் பிடிக்கும் பாடங்களில் பலவும் ஹெரோக்கு என்ற ஹோஸ்டிங் தளத்தின் இலவசத் திட்டத்தை நம்பி எழுதப்பட்டவை. அந்தத் திட்டம் 2022 நவம்பர் 28 முதல் முடிவுக்கு வந்துவிட்டது. பாடங்கள் மட்டும் திருத்தப்படாமல் அப்படியே கிடக்கின்றன.

பாடம் எழுதுகிறவர்களே, இன்னும் ஓர் அத்தியாயம் எழுதுங்கள். முகவரி, போர்ட், சூழல் மாறிகள், தரவு எங்கே தங்கும், லாக் எங்கே கிடைக்கும் என்பவற்றை உங்கள் மாதிரிச் செயலியையே ஏற்றிக் காட்டி விளக்குங்கள். அதை எழுத நேரமில்லை என்றால், உங்கள் பாடம் சொந்தக் கணினியோடு முடிந்துவிடுகிறது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.