முஷ்டி பிடித்து எடுத்த படத்தில்தான் தெரிந்தது
விழுந்து மணிக்கட்டு வலித்தால், எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தால் வெறும் சுளுக்குதான் என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போன மழையில் ஏற்காட்டில் காபித் தோட்டச் சரிவில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன், முதல் படத்தில் ஒன்றுமில்லை என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்தும் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் மணிக்கட்டில் களுக்கென்று ஒரு சத்தம், சுருக்கென்று வலி. அப்புறம் சேலத்தில் ஒரு எலும்பு டாக்டர் இரண்டு கையையும் இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். வலது கையில் ஸ்கேபாய்டு, லூனேட் என்கிற இரண்டு சின்ன மணிக்கட்டு எலும்புகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி, இடது கையில் 2கூட இல்லை. 3 மி.மீ.க்கு மேல் போனாலே லிகமென்ட், அதாவது அந்த எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார், அறுந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டுமாம், கையைச் சும்மா வைத்துப் படம் எடுத்தால் சில பேருக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. மேலே கருத்து எழுதிய ஒருவர் எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார், தயவுசெய்து முதலில் இந்த முஷ்டிப் படத்தை எடுத்துப் பாருங்கள்.