'ஸ்லீப்பி லகூன்' பிபிசிக்காகப் பிறந்த இசை அல்ல

ஆளில்லாத் தீவுக்கு எடுத்துச்செல்ல விரும்பும் இசைத்தட்டுகளை விருந்தினர் தேர்ந்தெடுக்கும் பிபிசி வானொலி நிகழ்ச்சி 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. அதன் முகப்பு இசையை, அந்த நிகழ்ச்சிக்காகவே, தென்கடல் தீவு ஒன்றை மனதில் வைத்து ஆங்கிலேய இசையமைப்பாளர் எரிக் கோட்ஸ் அமைத்தார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்த முகப்பு இசையான 'பை தி ஸ்லீப்பி லகூன்' 1930-லேயே வந்துவிட்டது. நிகழ்ச்சி தொடங்கியதோ 1942 ஜனவரியில். அந்த இசைக்குத் தூண்டுதலான கடற்கரையும் இங்கிலாந்தில்தான் இருக்கிறது: சசெக்ஸின் செல்சி. ஒரு கோடை மாலையில் அங்கிருந்து போக்னர் ரீஜிஸ் பக்கம் பார்த்தபோது கண்ட அமைதியான நீர்ப்பரப்புதான் அது. நிகழ்ச்சியில் பின்னணியில் கேட்கும் கடற்பறவைக் கூச்சல் வானொலிக்காரர்கள் சேர்த்தது. அதை விட்டுவிட்டு முழு இசையையும் ஒருமுறை கேளுங்கள். அவசரமே இல்லாமல் அசையும் அழகான வால்ட்ஸ் (மூன்று தாள நடன இசை) அது.

'தி டாம் பஸ்டர்ஸ்' (1955) படத்துக்கு முழுக்க இசையமைத்தவர் கோட்ஸே என்று சொல்வதும் சரியல்ல. படத்தில் அவருடையது அணிவகுப்பு இசை மட்டுமே; பட நிறுவனம் அணுகியபோது அதுவும் ஏறக்குறைய முடிந்திருந்தது. மற்றப் பின்னணி இசை லெய்ட்டன் லூகாஸுடையது.

இசைக்குழு நடத்துநர் ஹென்றி வுட்டின் குவீன்ஸ் ஹால் இசைக்குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) வாசித்தவர் கோட்ஸ். 1919-இல் அதை விட்டு, மெல்லிசை எழுதுவதையும் தன் படைப்புகளைத் தானே நடத்துவதையுமே தொழிலாக்கிக்கொண்டார். பிறர் கேட்டுக்கொண்டதால் எழுதிய இசையால் மட்டும் பெயர் வாங்கியவராக அவரைச் சொல்வது பெரும் அநியாயம்.