மெதுவாகப் போவது குறையா?

'தி சீக்ரெட் ஆஃப் ரோன் இனிஷ்' (1994) படத்தைப் பற்றிய கட்டுரையில், படம் மெதுவாக நகர்வதால் குழந்தைகள் நெளிவார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மெதுவான படம்தான், சரி. ஆனால் படமே கதை கேட்பதைப் பற்றியது. சிறுமி ஃபியோனாவுக்குத் தன் குடும்பத்தைப் பற்றித் தெரியவருவதெல்லாம் பிறர் வாய்வழியாகத்தான். தாத்தா கொஞ்சம் சொல்கிறார். சீல் (கடல்நாய்) தோலைக் கழற்றிப் பெண்ணாக மாறும் 'செல்கி' ஒருத்தியை மீனவன் மணந்த கதையை உறவுக்காரன் டைக் சொல்கிறான். அவசரப்பட்டால் அந்தக் கதைகளுக்கு என்ன மரியாதை?

படம் நடக்கும் அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளையே வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் அப்படி எழுதிய நோட்டுகள் இன்றும் டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன. ஃபியோனா செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்!

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: மூல நாவலான ரோசலி ஃப்ரையின் கதை ஸ்காட்லாந்தில் நடப்பது. படத்தின் இயக்குநர், அமெரிக்கரான ஜான் சேல்ஸ் அதை அயர்லாந்தின் டோனகலுக்கு மாற்றினார். செல்கி கதைகள் இரண்டு நாட்டுக் கரைகளிலும் உண்டு என்பதால் ஒட்டவைத்தது போலத் தெரியவில்லை. என் குறை வேறு. கடைசிப் பகுதியில் எல்லாம் கொஞ்சம் சுலபமாகக் கூடிவந்துவிடுகிறது.