கம்பி வேலியும் மருந்துச் சீட்டும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1977-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் ஒரு கம்பி வேலி வரும். வேலன் எதிர் ரோ வழக்கு. ஓபியம் வகை வலிநிவாரணி, ஆம்ஃபெட்டமின் மாதிரியான மருந்துகளை எழுதிக் கொடுத்தால் சீட்டு மூன்று பிரதி போட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1972-ல் சட்டம் போட்டது. ஒன்று டாக்டருக்கு, ஒன்று மருந்துக்கடைக்கு, இன்னொன்று ஆல்பனியில் இருக்கும் சுகாதாரத் துறைக்கு. நோயாளியின் பெயர், முகவரி, வயது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். மாதம் சுமார் 1 லட்சம் சீட்டு வந்து இறங்கும் அந்த அறையைச் சுற்றித்தான் வேலி, அலாரம் வேறு. கம்ப்யூட்டர் நாடாக்கள் பூட்டிய பெட்டியில். 5 வருடம் கழிந்தால் சீட்டுகளை அழித்துவிட வேண்டும்.

நோயாளிகளும் டாக்டர்களும் வழக்குப் போட்டார்கள். தங்கள் பிள்ளைமேல் போதைக்காரர் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று பெற்றோர் சாட்சி சொன்னார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்து சுமார் 20 மாதத்தில் அந்தத் தகவல்கள் உதவியது, மருந்தை அளவுக்கு மீறி வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் மீதான இரண்டே விசாரணைகளுக்கு. அப்படியும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு. ஒரு நீதிபதிகூட மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, தகவலை வெளியே விடாமல் காக்க இத்தனை ஏற்பாடு இருக்கிறதே என்பது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிய சண்டை இல்லை. ஒரே ஆள் நாலு டாக்டரிடம் சீட்டு வாங்குவது நடக்கிற விஷயம்தான். மருந்து எழுதும்முன் டாக்டர் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது. என் கோபம் பிறகு நடந்ததன்மேல். தீர்ப்பு நிற்கிறது, வேலியைத்தான் காணோம்.

ஓரிகன் மாநிலத்திலும் இதே மாதிரி மருந்துச் சீட்டுப் பதிவேடு உண்டு. அதைப் போலீஸ் பார்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொன்னது. மத்திய போதைப்பொருள் தடுப்பு நிர்வாகமான டி.இ.ஏ. கேட்கவில்லை. எங்கள் அதிகாரியே கையெழுத்துப் போடும் சம்மன் போதும், நீதிபதி எதற்கு என்றது. நோயாளிகள் சிலர் வழக்கில் சேர்ந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொண்ட திருநம்பிகளும் அதில் உண்டு. அந்த ஒரு மருந்தின் பெயரே அவர்கள் யார் என்று சொல்லிவிடும். பூப்ரனார்ஃபின் என்று இருந்தால், போதையிலிருந்து மீளப் போராடுகிறவர் என்று ஊகித்துவிடலாம். 2014-ல் மாவட்ட நீதிபதி, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தப்படி வாரண்ட் வேண்டும் என்றார். 2017-ல் மேல்முறையீட்டில் அது போயிற்று. மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்தை மிஞ்சும் என்றார்கள். நோயாளியின் உரிமை என்ன என்ற கேள்விக்குள் போகவே இல்லை. வேறு வழக்குகளில் அந்தக் கேள்விக்குள் போனபோதும் பதில் நோயாளிக்குச் சாதகமாக இல்லை. 2022-ல் நியூ ஹாம்ப்ஷைர் வழக்கிலும் 2023-ல் நெவாடா வழக்கிலும், இத்தகைய பதிவேட்டில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க நியாயம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

அவை சொன்ன காரணம்: இந்த மருந்துகள் அரசு எப்போதுமே கண்காணிக்கும் துறை, தகவலும் ஏற்கெனவே அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. இந்த வாதம்தான் எனக்குச் செரிக்கவில்லை. யார் விரும்பிக் கொடுத்தார்? பெயரைப் பதியாமல் அந்த மாத்திரையை வாங்க வேறு வழியே கிடையாது. 2018-ல் கார்பென்டர் வழக்கில் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், செல்போன் இல்லாமல் இன்றைக்கு வாழ முடியாது, ஆகவே போன் எங்கெங்கே போனது என்ற பதிவை எடுக்க வாரண்ட் வேண்டும் என்றது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரை போனைவிடவா குறைந்துபோயிற்று?

வாரண்ட் வாங்கிக்கொண்டிருந்தால் குற்றவாளி தப்பிவிடுவான் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதிவேடு எங்கும் ஓடிப்போவதில்லை. தொலைபேசியிலேயே நீதிபதியிடம் வாரண்ட் கேட்க அமெரிக்க மத்தியக் குற்றவியல் விதிகளில் இடம் இருக்கிறது. சந்தேகத்துக்குக் காரணம் கையில் இருந்தால், அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்துவிடும்?