காற்றழுத்தச் சிக்னல் 3 பிஎஸ்ஐ-யில் ஏன் தொடங்குகிறது?

ஆலைகளில் குழாய்வழிக் காற்றின் அழுத்தத்தையே சிக்னலாக அனுப்பி வால்வுகளை இயக்கும் காற்றழுத்தக் கட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அந்தச் சிக்னல் 3 முதல் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும் என்று கூறும் அக்கட்டுரை, அது ஏன் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அளக்கப்படும் அளவு பூஜ்யமாக இருக்கும்போதும் குழாயில் 3 பிஎஸ்ஐ நிற்பதால், அழுத்தமானியின் முள் அதற்கும் கீழே இறங்கினால் குழாய் கழன்றுவிட்டது அல்லது காற்று வரத்து நின்றுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

சென்னையில் மணலிப் பக்கம் ஓர் ஆலையில் கருவிப் பராமரிப்பில் இருந்தபோது, காற்று உலர்த்தி பழுதான ஒரு மழைக்காலத்தில், சிக்னலுக்கேற்ப வால்வின் திறப்பைச் சரிசெய்யும் பொசிஷனர் கருவியின், குண்டூசி முனைகூட நுழையாத துளையில் ஈரமும் துருவும் அடைத்துக்கொள்ள, வால்வு பாதித் திறப்பிலேயே நின்றுவிட்டது. மெல்லிய கம்பியால் குத்தித்தான் சரிசெய்தோம். எரிவாயு கசியக்கூடிய இடத்தில் மின்பொறிக்கு வழியில்லாத காற்றழுத்தமே எனக்கு நம்பகமாகப் படுகிறது. காற்று அடியோடு நின்றாலும், வால்வைப் பாதுகாப்பான நிலைக்குத் தள்ள உள்ளே வெறும் சுருள்வில் ஒன்று இருக்கிறதே!