‘எல்லாம் அடக்கம்’ என்று சொன்னவன் எதை அடக்கினான்?

மார்ச் நடுப்பகுதி. ரொறன்ரோவில் வாசல் ஸ்னோ கறுத்து, உப்போடு கலந்து சேறாகிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஒரு கிழமை மாச் பிறேக் என்ற பள்ளிக்கூட விடுமுறை. நாலு மாதமாக ஜக்கெற்றுக்குள் அடைபட்டிருந்த குடும்பம் ஒரு கிழமை வெயிலில் போய்க் கிடக்க ஆசைப்பட்டால் அது குற்றமா? குற்றம்தான் போல. இல்லாவிட்டால் இப்படித் தலைக்குத் தலை தண்டம் அறவிட மாட்டார்கள்.

விசர் வருவது விலையைப் பார்த்து மட்டுமில்லை. ‘ஓல் இன்க்ளூசிவ்’, அதாவது ‘எல்லாம் அடக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துத்தான். டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்கோ மெக்சிக்கோவின் கன்கூனுக்கோ பறப்பு, அறை, சாப்பாடு சேர்த்த ஒரு கிழமைச் சுற்றுலாப் பொதி வாங்கிப் பாருங்கோ. அந்த எல்லாத்துக்குள்ளும் அடங்காதவற்றின் பட்டியல் அடங்கினவற்றை விட நீளம்.

முதலில் விலை. ஒன்ராறியோவில் அநேகமாக எல்லாப் பள்ளிக்கூடச் சபைகளுக்கும் ஒரே கிழமையில்தான் விடுமுறை. 2025இல் மார்ச் 10 முதல் 14 வரை, 2026இல் 16 முதல் 20 வரை. ஒரு மாகாணத்தின் பிள்ளைகுட்டிக்காரர் முழுப்பேரும் அதே வெள்ளி பின்னேரமும் அதே சனி காலையும் பியர்சன் எயர்போட்டில் போய் விழுகிறார்கள். விற்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜனவரிக் கடைசியில் போன அதே விமானம், அதே அறை, அதே கட்டில், அதே அவித்த அவரை. தலைக்குச் சில நூறு டொலர் கூட. நல்ல ஹொட்டேல் என்றால் இன்னும் மேலே.

தப்ப வழி இல்லாமல் இல்லை. சனிக்குச் சனி போகாமல் புதனுக்குப் புதன் போனால் விலை இறங்கும். பிள்ளை சில நாள் பள்ளிக்கூடம் விடவேண்டி வரும். கியூபெக்கில் விடுமுறை பெரும்பாலும் எங்களுக்கு முன்னமே முடிந்துவிடும். அதனால் ஒன்ராறியோக் கிழமையில் மொன்றியலில் இருந்து பறப்பது சில வேளை மலிவு. ஆனால் கணக்கை முழுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வழிக்கு 540 கிலோமீற்றர், மார்ச் மாத 401 நெடுஞ்சாலை, பெற்றோல், எயர்போட் பார்க்கிங், காலை 6 மணிப் பறப்பு என்றால் முதல் நாள் இரவு தங்க ஒரு ரூம். நாலு பேருக்குச் சேர்த்து ஆயிரம் டொலராவது மிஞ்சாவிட்டால் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

பொதி வாங்கிய பிறகு பயண முகவர் ‘விலை ஏறிப்போச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஒன்ராறியோவில் பதிந்த முகவரிடம் வாங்கியிருந்தால், வரி தவிர்ந்த ஏற்றம் 7 சதவீதத்தைத் தாண்டும்போது ரத்துச் செய்து முழுக்காசையும் திருப்பிக் கேட்கலாம். கடையில் ஒரு கதிரை வாங்கினால்கூட ரசீதைப் பத்திரப்படுத்துகிற ஆட்கள், ஐந்தாறாயிரம் டொலர்ப் பொதியை வட்ஸப் செய்தியை நம்பி வாங்குகிறார்கள். அது வேறு கதை.

இனி அந்தத் தலைக்கணக்கு. விளம்பரத்தில் இருக்கிற விலை ‘இரண்டு பேர் ஒரு அறையில்’ என்ற கணக்கு. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றால் அந்த விலை அப்படியே செத்துப்போகும். அநேக அறைகளில் உச்சம் நாலு பேர். ஐந்தாவது தலை வந்தவுடன் இரண்டு அறை. பக்கத்துப் பக்கத்து அறை, நடுவில் கதவு என்று கேட்டால் ‘குறித்து வைக்கிறோம்’ என்பார்கள். குறித்து வைப்பது வேறு, உறுதி கொடுப்பது வேறு. போய் இறங்கினால் ஒன்று மூன்றாம் கட்டடம், மற்றது ஒன்பதாம் கட்டடம். அம்மா இரண்டு பிள்ளையோடு ஒரு பக்கம், அப்பா ஒரு பிள்ளையோடு மற்றப் பக்கம். குடும்பச் சுற்றுலாவாம். முன்பதிவுத் தாளில் அந்த உறுதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கட்ட வேண்டும்.

பிள்ளையின் வயதிலும் ஒரு பொறி. 2 வயது நிறையாத குழந்தை மடியில் இருந்து பறக்கலாம். ஆனால் போகும்போது 23 மாதம், அங்கே நிற்கும்போது பிறந்தநாள் என்றால், திரும்பும் பறப்பில் தனி இருக்கை வேண்டும். இதை ரிக்கெற் எடுக்கும்போது சொல்லாமல் விட்டால், திரும்புகிற அன்று கவுன்ரரில் அன்றைய விலை.

அடுத்தது இருக்கை. இதைப் பார்த்தால்தான் உண்மையாகவே கொதி வரும். இணையத்தில் பதியும்போது ஒரு படம் வரும்: நாலு பேரும் விமானத்தின் நாலு மூலையில். கீழே சிவப்பில் ‘சேர்ந்து இருக்க விரும்புகிறீர்களா?’ ஒரு இருக்கைக்கு ஒரு வழிக்கு 20, 30, 40 டொலர். நாலு பேர், இரு வழி, பெருக்கிப் பாருங்கோ. அம்மா பதறிப்போய் அட்டை இலக்கத்தை அடித்துவிடுவார். அந்தப் பதற்றத்தைத்தான் விற்கிறார்கள்.

கனடாவில் 2019 டிசம்பர் 15 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. 5 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கு அடுத்த இருக்கை. 5 முதல் 11 வரை அதே வரிசை, நடுவில் ஒரு இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளக் கூடாது. இதற்கு ஒரு சதமும் மேலதிகமாக வாங்க முடியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு அருகில் இருக்கக் காசு கேட்பது ஒரு வியாபாரமா? ஆனபடியால் கட்டாமல் விடுங்கோ. முன்பதிவில் பிள்ளையின் பிறந்த திகதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விமான நிறுவனத்தை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லி, கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கோ. அப்படியும் பிரித்துப் போட்டால் ஏறும் வாசலில் ‘பிள்ளைக்கு வயது இவ்வளவு, விதி இது’ என்று அமைதியாகச் சொன்னால் போதும். ஆட்களை மாற்றி இருத்த முயல்வது அவர்கள் கடமை. ஒன்று மட்டும்: முழுக்குடும்பமும் ஒரே வரிசையில், ஜன்னலோரம் வேண்டும் என்றால் அது விதிக்குள் வராது. அதற்குக் காசுதான்.

பறப்பு பிந்தினால் பெரிய நிறுவனங்கள் ஒருவருக்கு 3 மணித்தியாலத்துக்கு 400 டொலர், 6க்கு 700, 9க்கு 1,000 கொடுக்க வேண்டும். பிழை அவர்களுடைய கட்டுப்பாட்டுக்குள் இருந்து, பாதுகாப்புக் காரணமாகவும் இல்லாதிருந்தால் மட்டும். ஸ்னோப் புயலுக்குக் கிடையாது. ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும்; கேட்காதவனுக்குத் தேடி வந்து கொடுக்கிற ஆள் இல்லை.

கடதாசி விசயத்தில் கோபம் எங்கள் ஆட்கள் மேலேயே வருகிறது. பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 வருடம், 16க்குக் கீழ்ப்பட்ட பிள்ளையுடையது 5 வருடம்தான். ‘எல்லாருடையதும் இருக்குது’ என்று அலுமாரியில் வைத்துவிட்டு, மார்ச் முதல் கிழமையில் எடுத்துப் பார்த்து ஐயோ என்பது. கடவுச்சீட்டு அலுவலகத்தில் நேரே கொடுத்தால் 10 வேலை நாள், தபாலில் 20. குடியுரிமை இன்னும் எடுக்காத ஆள் தன் நிரந்தர வதிவிட அட்டையின் திகதியையும் பார்க்க வேண்டும். போகும்போது யாரும் தடுக்க மாட்டார்கள், திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அப்பாவோ அம்மாவோ தனியாகப் பிள்ளையைக் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம், முடிந்தால் சட்டத்தரணி முன் கையெழுத்திட்டது, கையில் இருக்கட்டும். டொமினிக்கன் குடியரசுக்கு இ-ரிக்கெற் என்ற படிவம் நிரப்ப வேண்டும், போக ஒன்று, திரும்ப ஒன்று. அது இலவசம். தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அதற்கும் காசு கேட்கும். அரசாங்கத் தளத்தில் காசுப் பக்கமே கிடையாது. காசு கேட்டால் மூடிவிட்டு வெளியே வாங்கோ.

அம்மம்மா, அப்பப்பா கூட வருகிறார்கள் என்றால் காப்புறுதி. ‘ஓஹிப் இருக்குதுதானே’ என்று ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியை நம்புவது பெரிய ஏமாளித்தனம். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வாட்டில் கிடந்தால் அது தருவது நாளுக்கு உச்சம் 400 டொலர், வெளிநோயாளராய்ப் போனால் 50. தனியார் பொலிசி எடுத்தாலும் ‘நிலையாக இருந்த காலம்’ என்று ஒரு வரி இருக்கும். 90 நாள் என்பது வழக்கம். அதற்குள் பிரஷர்க் குளிசையின் அளவை மாற்றியிருந்தால், கூட்டினால் மட்டுமல்ல, பல பொலிசிகளில் குறைத்தாலும், அந்த வருத்தத்துக்கு ஒரு சதமும் வராது. ஆகவே குடும்ப டொக்டரிடம் போய்க் குளிசையை மாற்றுவதென்றால் டிசம்பருக்கு முன் மாற்ற வேண்டும். ‘சீனி கொஞ்சம்தான்’ என்று படிவத்தில் மறைப்பதைப் போல விசர் வேலை வேறில்லை.

வெயில். எங்களுக்குத் தோல் எரியாது என்ற கதையை யார் கட்டிவிட்டார்களோ தெரியாது. மார்ச் 20ஐ ஒட்டி ரொறன்ரோவில் உச்சிச் சூரியன் அடிவானத்தில் இருந்து 46 பாகை உயரத்தில்தான் நிற்கும். புன்டா கானாவில் 71 பாகை. நாலு மாதம் வெயிலே காணாத தோலை நேரே அதற்குக் கீழ் கொண்டுபோய்ப் போட்டால், முதல் நாளே தோளும் மூக்கும் பின்கழுத்தும் எரியும். கறுப்புத் தோலில் சிவப்புத் தெரியாது, இரவு படுக்கும்போதுதான் தெரியும். பெரியவருக்கு ஒரு தரம் சன்ஸ்கிறீன் பூச 30 மில்லிலீற்றர், பிள்ளைக்கு அதில் பாதி. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் ஒரு தரத்துக்கு 90. இரண்டு மணிக்கொரு தரம் பூச வேண்டும். நாளுக்கு மூன்று தரம் என்றே வைப்போம், ஆறு நாளுக்கு 1,620 மில்லிலீற்றர். 200 மில்லி போத்தல் எட்டும் காணாது!

இங்கேதான் அடுத்த பகிடி. சூட்கேசுக்குக் காசு என்கிறார்கள் என்று கைப்பையோடு மட்டும் போனால், 100 மில்லிக்கு மேல் ஒரு போத்தலும் உள்ளே விட மாட்டார்கள். அங்கே ஹொட்டேல் கடையில் வாங்கினால் அவன் வைத்ததுதான் விலை. ஆகவே ஒரு 23 கிலோ சூட்கேஸ் காசு கட்டிப் போடுங்கோ, அல்லது பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுப் பூசுகிற இடத்தைப் பாதியாக்குங்கோ. குச்சி வடிவில் வருகிற சன்ஸ்கிறீன் திரவக் கணக்கில் வராது, முகத்துக்கு அது போதும்.

கடல். படத்தில் நீலம். போனால் மண்ணிறம். சர்காசம் என்ற கடற்பாசி 2011 முதல் அத்லாந்திக்கில் பெருந்திரளாகப் பெருகி, கரீபியன் கரைகளில் வந்து ஒதுங்குகிறது. கோடையில்தான் உச்சம், ஆனால் மார்ச்சிலேயே தொடங்கிவிடும் வருடங்கள் உண்டு. கரையில் குவிந்து அழுகினால் கூழ்முட்டை மணம். அது ஹைட்ரஜன் சல்பைட். ‘கடல் காட்சி’ அறைக்கு மேலதிகக் காசு கட்டியவன் யன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறான். பொதி வாங்க முன் வரைபடத்தை விரித்து, கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கோ. புன்டா கானா, கன்கூனுக்குத் தெற்கே உள்ள கரைகள் கிழக்கு நோக்கியவை, அடி அங்கேதான். அதே டொமினிக்கனில் பயாஹீபே பக்கம் குறைவு. மெக்சிக்கோவில் பசிபிக் பக்கம் உள்ள புவேர்ட்டோ வயார்த்தாவில் இந்தத் தொல்லையே இல்லை, பறப்பு மட்டும் கொஞ்சம் நீளம்.

காலை 6 மணிக்கு ஒரு கூத்து நடக்கும். நீச்சல் தடாகத்தைச் சுற்றி ஒரு ஆளும் இல்லை, ஆனால் நிழல் விழுகிற சாய்கதிரை எல்லாவற்றிலும் துவாய். துவாய்க்கு மேல் ஒரு செருப்பு, ஒரு புத்தகம். உரிமையாளர் 11 மணிக்கு வருவார். ‘கதிரை பிடித்து வைக்கக் கூடாது’ என்ற பலகை அதே கதிரைக்கு மேலேதான் தொங்கும். உணவகங்களுக்கும் அதே போட்டி. பொதியில் மூன்று இரவு பஃபே இல்லாத தனி உணவகம் என்று இருக்கும். வந்திறங்கிய அன்றே பதியாவிட்டால் மிஞ்சுவது இரவு 9.30. எட்டு வயதுப் பிள்ளை அந்த நேரம் மேசையில் தலையை வைத்துத் தூங்கும். அறைத் திறப்பு வாங்கிய கையோடு பதிவு மேசைக்குப் போங்கோ. சூட்கேஸ் பிறகு பார்க்கலாம்.

சைவக்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை. பஃபேயில் சோறும் அவரையும் இருக்குதே, அம்மம்மாவுக்குக் காணும் என்று நினைப்பீர்கள். கரண்டியால் கிண்டிப் பாருங்கோ: அவரைக்குள் இளஞ்சிவப்பாய்ச் சின்னச் சின்னச் சதுரம். பன்றி. மெக்சிக்கோவில் மசித்த அவரையில் துண்டு தெரியாது, ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். ‘வெஜிட்டேரியன்’ என்றால் சமையல்காரர் சிரித்துக்கொண்டு கோழியைக் காட்டுவார். இறைச்சி, கோழி, பன்றித் துண்டு, பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பதை ஸ்பானிய மொழியில் ‘சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் மன்டேகா’ என்று நாலையும் எண்ணிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத ஆளுக்கு ஒரு பை அவலும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சூட்கேசில் இருந்தால் பாவம் பிழைத்துப்போவார்.

கடைசி நாள்தான் உச்சக்கட்டம். ஏழு இரவு என்று விற்பார்கள். முதல் நாள் பின்னேரம் 4 மணிக்குத்தான் அறை. கடைசி நாள் 12 மணிக்கு வெளியே போ. பறப்பு இரவு 8 மணி. இடையில் நாலைந்து மணித்தியாலம் வரவேற்பறைச் சோபாவில் ஈர நீச்சல் உடுப்போடு பிள்ளைகள். அறையைக் கொஞ்ச நேரம் கூட வைத்திருக்க மணிக்கணக்கில் காசு. கைக்குழந்தை இருந்தால் கட்டுவதைத் தவிர வழியில்லை. இல்லாதவர்கள் புறப்படுவதற்கு முந்தின இரவே ஒரு சின்னப் பையில் ஆளுக்கொரு காய்ந்த உடுப்பு, சோப், ஒரு துவாய் எடுத்துப் புறம்பாக வைத்துவிட வேண்டும். தடாகத்தடிக் குளியலறையில் குளித்து மாற்றலாம்.

அதே பைக்குள் பிள்ளைகளின் சொக்ஸும் தொப்பியும் போகட்டும். பெரிய ஜக்கெற்றுகளைக் காரிலேயே விட்டிருப்பீர்கள், அது சரிதான். ஆனால் கார் நிற்பது எயர்போட்டுக்கு வெளியே மலிவான பார்க்கிங்கில். நள்ளிரவு தாண்டி, சுழியத்துக்குக் கீழ் 6 பாகையில், பார்க்கிங் பஸ் வரும்வரை 25 நிமிடம் செருப்போடு நிற்கிற பிள்ளைக்குச் சொக்ஸ் கையில் இருக்க வேண்டும், சூட்கேசின் அடியில் அல்ல.