ஓசுமிக்கு நோபல் கிடைத்தது பட்டினி வைத்தியத்துக்காக அல்ல

"16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடலே புற்றுநோய் செல்களைத் தின்றுவிடும், இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் கொடுத்தார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள்.

யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை. அந்த செல்லின் செரிமானப் பையான வாக்குவோலில், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ரகத்தை எடுத்துச் சத்தில்லாத வளர்ப்புக் கரைசலில் விட்டார். சில மணி நேரத்தில் அந்தப் பைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அது தெரிந்தது! செல் தன் பாகங்களைத் தானே விழுங்கி, செரிக்க முடியாமல் தேக்கிவைத்த பொட்டலங்கள் அவை. பிறகு ஆயிரக்கணக்கான திரிபு ஈஸ்ட்களைச் சலித்து, இந்தத் தன்னுண்ணலுக்குத் தேவையான மரபணுக்களைக் கண்டறிந்தார். பரிசு அதற்கு. (தன்னுண்ணலுக்கு ஆட்டோபேஜி என்ற பெயரே 1963இல் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் வைத்தது.)

புற்றுநோயில் தன்னுண்ணல் இருபக்கமும் வெட்டும் கத்தி. கட்டி உருவாவதை அது தடுக்கலாம். உருவாகிவிட்ட கட்டியோ சத்துக் குறையும்போது அதை வைத்தே உயிர்பிழைக்கலாம். அதனால்தான் தன்னுண்ணலைத் தடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்த் திசை.

உங்கள் பதிவின் கீழ் ஒருவர், கீமோ எடுக்கும் தன் அம்மாவுக்கு இதைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். சிகிச்சையின்போது எடை குறைவதே ஆபத்து. அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூட நிறுத்தாதீர்கள்.